சால்வடோர் பெராகாமோ என்னும் பாதரட்சைக் கலைஞர்

பாதத்தைப் பற்றிச் சிந்திக்கப் புகுவோர்க்கு நம் கிளியனூர்ப் பக்கத்தைவிட ஏற்ற இடம் அரிது. திண்டிவனத்தினின்று புதுவைக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த இவ்வூருக்கு வடகிழக்கே, மரக்காணத்து உப்பளங்கள் கழியை அடுத்துப் பரந்து கிடக்கின்றன. பாத்தியின் தரையை வெறுங்காலால் மிதித்து இறுக்கிய பின்னரே அதில் உவர்நீரைப் பாய்ச்சுவர். கோடை வெயிலில் விளைந்த உப்பை வாருங்காலத்தும் அவ்வெறும் பாதங்களே உப்பின்மேல் நிற்கின்றன. வெடித்த குதிகாலில் உப்புநீர் ஏறும்போது உண்டாகும் எரிச்சலை அளத்தில் உழைக்கும் ஆணும் பெண்ணுமே அறிவர். அத்தகைய வீடுகளிலிருந்து கல்வியின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் புதுவைக்கும் சென்னைக்கும் செல்லும் பெண்மக்களுள் சிலர், இன்று குதி உயர்ந்த ஜோடுகளை அணிந்துசென்று, மாலையில் வீடு திரும்பியதும் விரல்களைப் பிடித்துவிட்டுக்கொள்கின்றனர். தாயின் பாதம் ஜோடின்றி வருந்துகின்றது. மகளின் பாதமோ ஜோட்டினாலேயே வருந்துகின்றது. ஜோடு பாதத்திற்காக உண்டாயதோ, அன்றிப் பாதம் ஜோட்டிற்காக உண்டாயதோ என்னும் வினா இங்கே எழுகின்றதன்றோ? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் ஊசியும் சுத்தியலும் கையிற்கொண்டு ஆராய்ந்த ஒருவருடைய சரிதையை ஈண்டுச் சுருங்க உரைக்க விரும்புகின்றோம். அவர் இத்தாலி தேசத்துச் சால்வடோர் பெராகாமோ என்பவர்.

ஒரு ஜோடு தைப்பவரின் சரிதையைக் கல்லூரி மலரில் எழுதுவது தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். அவ்வையமே நம்மை எழுதத் தூண்டிற்று. தமிழர்க்குப் பாதரட்சை புதியதன்று. பெரும்பாணாற்றுப்படை பாடிய புலவர், தொடுதோல் அணிந்து அணிந்து தழும்பேறிய இடையனின் அடியைக் காட்டத் தவறினாரல்லர். ஆயினும் அத்தொடுதோலைத் தைத்தவரை நாம் ஒருநாளும் பாராட்டினோமல்லோம். பாராட்டாததோடு நில்லாது, தோற்றொழிலைப் பரம்பரையாகச் செய்துவந்தவரை ஊருக்குப் புறத்தே நிறுத்தி, அவர் தைத்துத் தந்ததை அணிந்துகொண்டு அவரைத் தீண்டலாகாதென்றும் விதித்தோம். பெராகாமோ பிறந்த நாட்டில் இவ்வகைத் தீண்டாமை இல்லை. எனினும், ஏழைக் கிராமத்துள்ளும் மிகத் தாழ்ந்த தொழில் எதுவென்று கேட்பின் ஜோடு தைத்தலையே அங்கும் சுட்டிக்காட்டினர். அவருடைய வாழ்க்கை அவ்விடத்திலேதான் தொடங்குகின்றது.

தென் இத்தாலியில் அவெல்லினோ மாகாணத்தைச் சார்ந்த பொனீட்டோ என்னும் சிற்றூரில், 1898-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5-ஆம் தேதி சால்வடோர் பிறந்தார். பெற்றோர் சிறு நிலம் வைத்துப் பயிரிட்டு வாழ்ந்தவர். அவர்தம் 14 மக்களுள் இவர் 11-ஆமவர். வீட்டிற்கு எதிரே ஜோடு தைப்பவர் ஒருவரின் கடை இருந்தது. சிறுவன் அங்கேயே பொழுதெல்லாம் போக்குவான். பெற்றோர்க்கோ அது பெரும் அவமானமாகத் தோன்றிற்று. வேறு எந்தத் தொழிலேனும் பயில்க என்று அவனைப் பலவிடங்களுக்கும் அனுப்பிப் பார்த்தனர். ஒன்றிலும் அவன் மனம் பொருந்தவில்லை.

அவனுக்கு ஒன்பது பிராயமான காலத்து, உடன்பிறந்தாள் புதுநன்மை பெறும் நாள் வந்தது. வெண்மையான ஜோடு அணிந்தே கோயிலுக்குச் செல்லுதல் அவ்வூர் வழக்கம். வாங்கப் பணமில்லை. மரக்கட்டை மிதியடியோடு மகள் கோயிலுக்குச் செல்வதை எண்ணித் தாய் கண்ணீர் வடித்தாள். சிறுவன் எதிர்க்கடையிற் சென்று வெள்ளைத் துணியும் அட்டையும் ஆணியும் இரந்து வந்து, இரவெல்லாம் விழித்திருந்து ஒரு ஜோடி தைத்து முடித்தான். மறுநாட் காலையில் அப்பெண் அதை அணிந்துகொண்டு கோயிலுக்குச் சென்றாள். அதன்பின் பெற்றோர் தடைகூறவில்லை. நேப்பிள்ஸ் நகரத்திற் சிலகாலம் தொழில் பயின்று திரும்பிய சால்வடோர், இன்னும் மீசை அரும்பாப் பருவத்திலேயே பொனீட்டோவில் தம் வீட்டிலேயே மாதர் ஜோடு தைக்கும் கடை வைத்துத் தம்மினும் மூத்த வேலையாட்களை அமர்த்தினார்.

முதல் உலகப்போர் மூண்டிருந்த வேளையில், 1915-ஆம் ஆண்டளவில், முன்னரே அமெரிக்கா சென்றிருந்த சகோதரர்களைத் தேடி அவரும் கப்பலேறினார். பாஸ்டன் நகரத்தில் ஒரு சகோதரர் பெரிய ஜோட்டுத் தொழிற்சாலையில் வேலைசெய்துவந்தார். அவ்வாலையைக் காணச் சென்ற சால்வடோர் வியப்பும் வெறுப்பும் ஒருங்கே எய்தினார். யந்திரங்கள் ஜோடுகளைக் குவித்துக்கொண்டிருந்தன. ஆனால் அவை கனத்து, முன்புறம் மழுங்கி, யாருடைய பாதத்துக்கும் பொருந்தாமலும் எல்லாருடைய பாதத்தையும் ஏற்றுக்கொள்வனவாகவும் இருந்தனவாம். அங்கே வேலை கிடைக்கக்கூடியதாக இருந்தும் அதை விரும்பாது, கண்டத்தின் மறுகோடியிலுள்ள கலிபோர்னியா மாகாணத்துச் சாந்தா பார்பராவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அக்காலத்தில் சினிமாத் தொழில் அவ்வூரில் வேரூன்றியிருந்தது. குதிரைவீரர் வேடம் பூணுவோர்க்கு வேண்டிய பூட்ஸ்களைச் சால்வடோர் தைத்துக்கொடுத்தார். நடிகைகள் தாம் வெளியே அணியும் ஜோடுகளையும் அவரிடமே கேட்கலாயினர். சினிமாக் கம்பெனிகள் ஹாலிவுட்டிற்குப் பெயர்ந்தபோது இவரும் பெயர்ந்து, 1923-ஆம் ஆண்டு அங்கே கடை திறந்தார். அவ்வாண்டு வெளிவந்த, ஸெஸில் டிமில் இயற்றிய பத்துக் கட்டளைகள் என்னும் மௌனப்படத்திற்கு வேண்டிய செருப்புக்களும் இவர் செய்தவையே.

புகழும் பொருளும் வந்தும் அவருக்கு ஒரு குறை நெஞ்சை உறுத்தியது. தாம் தைத்த ஜோடு கண்ணுக்கு இனிதாயிருந்தும், அணிந்தோர் காய்ப்பும் கொப்புளமும் கொண்டு திரும்பி வந்தனர். வேறொருவராயின் அழகு வேண்டுவோர் வலியையும் பொறுத்தல் வேண்டும் என்று கூறி அனுப்பியிருப்பர். இவரோ தம் குற்றம் எங்குள்ளதென்று அறிய, பகலெல்லாம் உழைத்த பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துத் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் தேகக்கூறு சாஸ்திரம் பயின்றார். பள்ளிப்படிப்பு முற்றுப்பெறாத ஒரு தொழிலாளி, மனித எலும்புகளின் பெயர்களை அந்நிய பாஷையிற் கற்றுக்கொள்ளும் முயற்சியை நேயர்கள் எண்ணிப் பார்ப்பாராக!

நூற்குண்டு தொங்கவிட்டுச் சுவரின் நேர்மையைக் கொத்தன் அளப்பதுபோல, நிற்கும் மனிதனின் பாரம் எங்கே இறங்குகின்றது என்று அவர் அளந்தார். அது பாதத்தின் நடுவிலுள்ள வளைவின்மேல், ஒன்றரை அல்லது இரண்டு அங்குல இடத்தில் இறங்குகின்றதென்பது அவர் கண்ட முடிபு. அக்காலத்து ஜோடுகளோ குதிகாலையும் விரலடியையும் இறுகப் பற்றி, நடுவளைவை ஆதாரமின்றி அந்தரத்தில் விட்டிருந்தன. ஆதலின் நடக்குந்தோறும் பாதம் முன்னோக்கி வழுக்கி, விரல்கள் ஜோட்டின் முனையில் நெருக்குண்டன. இதனை அறிந்த பெராகாமோ, ஜோட்டின் அடியில் வளைவுக்கு இயைய ஒரு மெல்லிய எஃகுத் தகட்டை வைத்து அவ்விடத்தைத் தாங்கச் செய்தார். வளைவு தாங்கப்பட்டதும் விரல்கள் விடுதலை பெற்றன.

அவர் கூறிய காரணம் எழுத்துக்கு எழுத்து மெய்யென்று நாம் சாதிக்கமாட்டோம். பிற்காலத்தில் நுண்கருவிகளால் அளந்தோர், வெறுங்காலுடன் நிற்கையில் பாரத்திற் பாதிக்கு மேற்பட்ட பங்கைக் குதிகாலே தாங்குகின்றதென்றும், நடுவளைவு தாங்குவது சிறிதே என்றும் கண்டனர். ஆயினும் குதியை உயர்த்திய மாத்திரத்தில் நிலைமை மாறுகின்றது. குதி உயர உயரப் பாரம் விரலடிக்குச் சரிகின்றது. நடுப்பாதம் சரிவான பலகையில் வைத்த மூட்டைபோலாகின்றது. அந்நிலையில் வளைவைத் தாங்கி நிறுத்துதல் சறுக்கலைத் தடுக்கும் நல்லுபாயமே. ஆதலின் காரணத்திற் சிறிது பிழைத்தும் காரியத்தில் அவர் பிழைத்தாரல்லர்.

இக்காலத்திலேயே பெருந்துன்பமொன்று நேர்ந்தது. மோட்டார் விபத்தொன்றில் சகோதரர் ஒருவர் உயிர்துறந்தார். சால்வடோரின் கால் முறிந்தது. வைத்தியசாலையில் முறிந்த காலை நீட்டி வைத்துக் கிடந்த நாட்களிலும், அக்காலை இழுத்துப் பிடிக்கும் கருவியொன்றைத் தாமே அமைத்தார். பாதத்தின் நோவைப் பிறர் சொல்லக் கேட்டவர், இப்போது காலின் நோவைத் தாமே அனுபவித்தறிந்தார்.

தம்மிடம் வந்த மாதரை அவர் மூவகையாகப் பிரித்து வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். மிகச் சிறிய பாதமுடையோர் கதையில் வரும் சிண்டரெல்லாக்கள்; நடுத்தர அளவினர் வீனஸ் தேவியர்; பெரிய பாதமுடையோர் பிரபு குலத்தினர். பெரிய பாதமுடைய பெண் நாணித் தலைகுனியாதபடி செய்த இத்தந்திரத்தை நாம் மெச்சுகின்றோம். ஏனெனில், அவர் கண்ட நோய்களிற் பெரும்பாலானவற்றுக்கு மூலம், தம் அளவினும் குறைந்த ஜோட்டைப் பெண்கள் பெருமைக்காகக் கேட்டு வாங்குதலே. பாதத்தில் குற்றமில்லை, ஜோட்டிலேயே குற்றமுளது என்பது அவர் ஓயாது வற்புறுத்திய கொள்கை.

நல்ல கைவினைஞர் போதிய அளவில் அமெரிக்காவிற் கிடைக்காமையால், 1927-ஆம் ஆண்டு தாய்நாடு திரும்பிப் பிளாரென்ஸ் நகரத்தில் தொழிற்கூடம் நிறுவினார். ஒரு ஜோட்டைப் பலர் பகுத்துச் செய்யும் அமெரிக்க முறையையும், எல்லாவற்றையும் கையாலேயே செய்யும் இத்தாலிய முறையையும் இணைத்தார். வியாபாரம் அமெரிக்காவையே நம்பியிருந்தது. அங்கே பொருளாதார மந்தம் தோன்றவே, 1933-ஆம் ஆண்டு கடன் மிகுந்து இன்ஸால்வென்ட் ஆனார். தொழிற்கூடம் கைவிட்டுப் போயிற்று. முப்பத்தைந்து பிராயத்தில் மீண்டும் பொனீட்டோவிற் புறப்பட்ட சிறுவன் நிலைக்கே வந்துவிட்டார் எனலாம். ஆயினும் தைக்குங் கை இருந்தது. உள்நாட்டு மாதரிடமே விற்று, சிறுகச் சிறுகக் கடன் தீர்த்து, 1938-ஆம் ஆண்டில் ஆர்னோ நதிக்கரையிலுள்ள ஸ்பீனி பெரோனி என்னும் பழைய மாளிகையையே விலைக்கு வாங்கினார்.

அவருடைய கற்பனையிற் சிறந்தது பஞ்சகாலத்திற் பிறந்ததென்பது குறிக்கத்தக்கது. 1935-ஆம் ஆண்டு முஸோலினியின் சேனை அபிசீனியா என்ற எதியோப்பியாவின்மேற் படையெடுத்தது. சர்வதேச சங்கம் இத்தாலிக்குப் பொருளாதாரத் தடை விதித்தது. வளைவைத் தாங்கும் நல்ல எஃகு அரிதாயிற்று; கிடைத்த மட்டமான தகடுகளோ அணிந்தோர் காலடியில் முறிந்தன. எஃகின்றி வளைவைத் தாங்குவது எங்ஙனம்? பல நாள் சிந்தித்த பெராகாமோ, சார்டினியாத் தீவிலிருந்து வரும் தக்கைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, குதிக்கும் அடித்தோலுக்கும் இடையே வெறுமையாயிருந்த இடத்தை முழுதும் அடைத்துவிட்டார். பாதம் முழுவதும் ஆதாரத்தின்மேல் நின்றது. குதி உயர்ந்தும் அடி கனக்கவில்லை. நடப்போர்க்கு மெத்தைமேல் நடப்பது போன்றிருந்தது. ஆப்பு வடிவான இக்குதியை முதலிற் கண்ட கோமகள் ஒருத்தி அருவருத்தாளாம். பின்னர் இவர் வேண்டுகோட்கிணங்கி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அணிந்துசெல்ல, கண்டோரெல்லாம் தமக்கும் அதுவே வேண்டுமென்றனர். இஃது 1936, 1937-ஆம் ஆண்டுகளின் செய்தி. சில வருஷங்களுள் உலகமெங்கும் ஆப்புக்குதி பரவிற்று. 1938-ஆம் ஆண்டு ஜூடி கார்லண்ட் என்னும் நடிகைக்காக, வானவில்லின் நிறங்களை அடுக்கடுக்காகக் காட்டிய தக்கையடிச் செருப்பொன்றும் செய்தார். இன்று திண்டிவனத்துக் கடைத்தெருவில் மிதமான விலைக்குத் தொங்கும் ஆப்புக்குதிச் செருப்புக்களின் மூதாதை அந்தத் தக்கைத் துண்டுகளே என்றால் நம்புவோர் சிலரே.

தோல் கிட்டாதபோது வைக்கோலும் சணலும் பனையிழையும் கொண்டு மேற்புறம் பின்னினார். மிட்டாய் சுற்றிவரும் செல்லோபேன் தாளை முறுக்கி நூலாக்கினார். மீன்தோலையும் பதமாக்கிப் பயன்படுத்தினார். மீன் மிகுந்த நம் கரையில் அத்தோல் எங்கே போகின்றதென்று நாம் ஒருகணம் எண்ணினோம், நிற்க.

இங்கே ஒன்றை மறைத்தல் முறையன்று. எஃகு கிட்டாமற் செய்த அக்கொடிய யுத்தத்துக்குக் காரணனான முஸோலினிக்கும் இவர் ஜோடு தைத்தார். ஹிட்லரின் துணைவியான ஈவா பிரானும் இவரிடம் ஜோடு பெற்றவளே. தம்முன் நீட்டப்பட்ட பாதம் யாருடையதென்று பாராமல் அதன் நோவை மாத்திரம் பார்த்தல் வைத்தியனுக்கு அறமாகலாம். ஜோடு தைப்பவர்க்கும் அஃது அறமாகுமோ என்பதில் நமக்கு மனம் ஒப்பவில்லை.

இந்தியாவுக்கும் இவருக்கும் தொடர்புண்டு. பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாரின் புதல்வியும், கூச் பிஹார் சமஸ்தானத்து மகாராணியுமான இந்திரா தேவி, ஆடையணிகளில் தேர்ந்த சுவையுடையவரென்று பெயர்பெற்றவர். அவர் பிளாரென்ஸுக்கு எழுதி ஒரேமுறையில் நூறு ஜோடி ஜோடுகளுக்கு உத்தரவு கொடுத்தார். பச்சை வெல்வெட்டால் ஆனதொன்றின் குதியில் முத்துக்கள் சுற்றி வைக்கவும், கறுப்பு வெல்வெட்டால் ஆனதொன்றில் வைரங்கள் பதிக்கவும் பணித்து, அம்முத்தையும் வைரத்தையும் தம் கருவூலத்திலிருந்தே அனுப்பினார். ஒருபுறம் குதிக்கு முத்து. மறுபுறம் அதே தேசத்துக் கோடிக்கணக்கான அடிகளுக்குத் தோற்செருப்பும் இல்லை. அதன் பொருட்டுத் தைத்தவரைக் குறைகூறுவது நியாயமன்று. முத்துக் குதியாயினும் தக்கைக் குதியாயினும் உள்ளே வளைவைத் தாங்கும் அமைப்பில் அவர் வேறுபாடு செய்தாரில்லை.

1940-ஆம் ஆண்டு, தம் ஊராகிய பொனீட்டோவின் வைத்தியரின் மகள் வாந்தா மிலெத்தி என்னும் நங்கையை மணந்தார். மக்கள் அறுவர் பிறந்தனர். யுத்தம் பிளாரென்ஸை எட்டியது. 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியர், அவர் மாளிகையை அடுத்த திரினித்தா பாலத்தையும் வெடிவைத்துத் தகர்த்தனர். யுத்தம் முடிந்தபின், ஆர்னோவில் தூண்டிலிடுவோரின் கண்ணுக்குத் தெரியாத நைலான் இழையைக் கண்டு, அவ்விழையால் மேற்புறம் அமைத்த ஒரு செருப்பைச் செய்தார். இழையின் ஊடே பாதமே தெரிந்தமையால் அதற்குக் கண்காணாச் செருப்பென்று பெயராயிற்று. அதன்பொருட்டு 1947-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் நீமன் மார்கஸ் பரிசு பெற்றார். ஜோடு தைப்பவர் ஒருவர், புகழ்பெற்ற பிரெஞ்சு உடையமைப்பாளர் கிறிஸ்டியன் டியோருக்கு இணையாக அதே ஆண்டு மேடையேறியது அதுவே. 1950-ஆம் ஆண்டளவில் எழுநூறு கைவினைஞர் அவரிடம் வேலைசெய்தனர்.

அப்பத்தாண்டில் ஸ்டிலெட்டோ என்னும் குதி தோன்றியது. குத்துவாளின் பெயர் கொண்ட இது, உள்ளே எஃகுக் கம்பி செருகப்பெற்றதாதலின் பென்சிலினும் மெலிந்து நின்றது. குதி உயர்ந்த ஜோட்டின் வரலாறே விந்தையானது. பாரசீகக் குதிரைவீரர் அங்கவடியிற் கால் நழுவாதிருக்க வைத்த குதி, 1600-ஆம் ஆண்டை ஒட்டி ஐரோப்பிய ஆடவரின் அலங்காரமாகி, பிரான்ஸ் மன்னன் பதினான்காம் லூயியின் காலத்தில் செந்நிறம் பூசப்பெற்று அரண்மனையில் உலாவி, பின்னரே மாதர்க்கு உரியதாயிற்று. நடத்தற்கு உண்டாகாதவொன்று நடப்போர் காலில் ஏறியதே அதன் துன்பத்துக்கு மூலம் என்று நாம் கருதுகின்றோம். மர்லின் மன்றோ என்னும் நடிகைக்கு நான்கு அங்குலத்தினும் உயர்ந்த குதிகள் வைத்துத் தைத்தவர் பெராகாமோவே. உயர்ந்த குதி தீங்கென்பதை அவர் ஒப்பவில்லை. வளைவு தாங்கப்பட்டு, விரல் நீளத்துக்கு இடமிருந்து, அணிவோரின் அளவுக்கே செய்யப்பட்டதாயின், உயரம் ஒருவரையும் வருத்தாதென்பது அவர் துணிபு. நாள்தோறும் நெடுங்காலம் உயர்குதி அணிவோரின் கெண்டைத்தசை சுருங்கிக் குதிநரம்பு இறுகுவதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆதலின் இவ்விஷயத்தில் அவர் தம் கைத்திறத்தை அளவுக்கு மிஞ்சி நம்பினார் என்றே சொல்லுதல் வேண்டும். அவர் கையால் அளந்து தைத்த உயர்குதி ஒன்று. அவ்வுருவத்தைப் பார்த்து யந்திரத்தில் வார்த்து, தகடு வையாது, ஆயிரம் பாதங்களுக்கு ஒரே அச்சில் விற்கப்படும் உயர்குதி மற்றொன்று. பின்னதையே நம் பெண்மக்கள் பெரும்பாலும் வாங்குகின்றனர். ஆம்பூரும் இராணிப்பேட்டையும் பிற தேசங்களுக்கு நல்ல ஜோடுகள் தைத்தனுப்பும் நம் தமிழ்நாட்டிலும் நிலைமை இதுவே.

1957-ஆம் ஆண்டு தம் வரலாற்றைத் தாமே நூலாக எழுதி வெளியிட்டார். பெண்ணை அடிமுதல் முடிவரை அலங்கரிக்கவல்ல கைப்பை, கழுத்துக்குட்டை முதலியவற்றையும் தம் பெயரால் செய்ய வேண்டுமென்பது அவர் பிற்கால விருப்பம். அது நிறைவேறுமுன், 1960-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி, அறுபத்திரண்டாம் பிராயத்திற் காலமானார். முன்னர் ஒருநாளும் தொழிலில் ஈடுபட்டறியாத வாந்தா அம்மையார் பொறுப்பை ஏற்று, மூத்த மகள் பியம்மாவின் துணையுடன் தொழிலை நடத்தினார். கைப்பைகளும் பிறவும் அவர்கள் காலத்திலேயே வெளிவந்தன. அம்மையார் 2018-ஆம் ஆண்டு வரை வாழ்ந்திருந்தார்.

முந்நூற்றுக்கு மேற்பட்ட உரிமைப்பத்திரங்கள் பெராகாமோவின் பெயரிற் பதிவாகியுள்ளன. 1995-ஆம் ஆண்டு ஸ்பீனி பெரோனி மாளிகையில் அவர் பெயரால் பொருட்காட்சிசாலை திறக்கப்பட்டது. அவர் செய்த ஜோடுகளோடு, புகழ்பெற்ற மாதர் பலரின் பாதங்களை அளந்து மரத்திற் கடைந்த அச்சுக்கட்டைகளும், ஒவ்வொன்றிலும் உரியவர் பெயர் பொறிக்கப்பட்டு, அங்கே வைக்கப்பெற்றுள்ளன.